பதினேழாம் நம்பர் நாடு

“எனக்குத் தெரியாத நாடுன்னு ஒண்ணு இருந்தா, அது இனிமேதான் பொறந்து வரணும்.”

இதைச் சொன்னவர் தூதர் அல்ல, பூகோளப் பேராசிரியர் அல்ல, கப்பல் மாலுமியும் அல்ல. வேஷ உடைகளை வாடகைக்கு விடும் குளோப் அக்கா. சொன்ன இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறை. சொன்ன நேரத்தில் அவர் மடியில் ஒரு பொய்த்தாடி கிடந்தது; பேன் சீப்பால் அதற்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஆசிரியைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு தாடியை அவ்வளவு பரிவோடு சீவுகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்திருக்கலாம்.

அக்கா தன் ஊரைவிட்டு வெளியே போனது மொத்தம் நான்கு முறை. மூன்று முறை கல்யாணத்துக்கு, ஒரு முறை கடைவாய்ப் பல் பிடுங்க. அவர் உலகத்தைத் தேடிப் போகாவிட்டால் என்ன, உலகம் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து அடங்கி உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. ஒரு சுவர் முழுக்கத் தகரப் பெட்டிகள், நாற்பத்திரண்டு. பெட்டிக்கு ஒரு நாடு. எந்த நாட்டைத் திறந்தாலும் ஒரே வாசனைதான் வரும்: அந்துருண்டை.

எதிர்ச்சுவரோரம் கணவரின் தையல் மெஷின். தையல்காரரான அவரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும், அக்காவும் அப்படித்தான். முதலில் பெட்டிகளின் மேல் நாடுகளின் பெயர்கள்தான் சாக்குக்கட்டியில் எழுதப்பட்டிருந்தன. ஒரு மழையில் கூரை ஒழுகி அத்தனை தேசங்களும் அழிந்துபோயின. திரும்ப எழுதச் சொன்னபோது மாஸ்டர், “நம்பர் போட்டா ரெண்டு இழுப்புல முடிஞ்சிடும்” என்று பெயின்ட் டப்பாவை எடுத்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் நாடுகளுக்குப் பெயர் கிடையாது. “என் பொண்ணு இந்த வருஷம் இருபத்திரண்டு” என்று ஒரு தாய் சொன்னால் அது வயசு அல்ல.

இந்தப் பேரரசின் தோற்றம் எளிமையானது. பதினாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாடகக் குழு, கதாநாயகனுக்கும் ராஜாவுக்கும் அடிதடியாகிக் கலைந்துபோனது. “வந்து எடுத்துக்கிறோம்” என்று சொல்லி வேஷப் பெட்டிகளை மாஸ்டரிடம் போட்டுவிட்டுப் போனார்கள், வரவே இல்லை. மறுமாதம் ஓர் ஆசிரியை ஓடி வந்து, விழாவுக்கு எட்டு நாடுகள் வேண்டும், நாளைக்கே வேண்டும் என்றார். அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். ராஜாவின் அங்கி ஒரு நாடானது. ராணியின் பாவாடை இன்னொரு நாடானது. கொள்ளைக்கூட்டத் தலைவனின் முரட்டுக் கோட்டு, முழங்கால் பூட்ஸ், ரோமத் தொப்பி, தாடி, மரக்கத்தி எல்லாம் சேர்ந்து பிற்காலத்தில் பதினேழாம் நம்பர் என்று புகழ்பெற்ற நாடானது. மிச்சத்தைக் காலண்டர் படங்களும் பிஸ்கட் டப்பா மூடிகளும் கற்றுக்கொடுத்தன.

குறைகள் இல்லாமல் இல்லை. பதினேழில் பெண்களே கிடையாது; மக்கள்தொகை எப்படிப் பெருகுகிறது என்று யாரும் கேட்டதில்லை. எட்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் இருந்தது ஒரே முரசு. அதனால் அந்த இரண்டு நாடுகளும் ஒரே மேடையில் ஏறியதே இல்லை. அவற்றுக்குள் தீராத எல்லைத் தகராறு என்று ஊரில் பலர் உறுதியாக நம்பினார்கள்.

அக்காவின் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். “கடைசி வரிசையில கண்ணாடியை மறந்துட்டு வந்து உக்காந்திருக்கிறவருக்குத் தெரியணும். அவருக்குத் தெரியலைன்னா அது நாடே இல்லை.” இந்தச் சட்டத்தை மீறி எந்த நாடும் அந்தச் சுவரில் இடம்பிடிக்க முடியவில்லை.

இப்படி உலகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் லிஃப்ட்காரர் வந்தார்.

ஊரின் புது ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்ட வெளிநாட்டிலிருந்து வந்தவர். மாட்டி முடித்ததும் போயிருப்பார், லிஃப்ட் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை நடுவழியில் நின்று அவரை ஊரிலேயே நிறுத்திக்கொண்டது. குடும்பத்தையும் வரவழைத்துவிட்டார். இரண்டு வருடத்தில் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குப் பேச்சும் படிந்துவிட்டது. ஒன்பது வயது மகள் நான்காம் வகுப்பு.

அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவில் உலக நாடுகளின் ஊர்வலம். எல்லாப் பிள்ளைகளும் குலுக்கலில் சீட்டு எடுத்து நாடு பெற்றார்கள். இந்தப் பெண்ணுக்கு மட்டும் குலுக்கல் இல்லை. “நம்ம கையில அசல் சரக்கே இருக்கும்போது சீட்டு எதுக்கு?” என்று தலைமை ஆசிரியை அறிவித்துவிட்டார். ஊர்வலத்தின் முதல் ஆளே அவள்தான்.

“அக்கா, ஸ்கூல்ல பதினேழாம் நம்பர்னு எழுதிக் கொடுத்திருக்காங்க” என்று லிஃப்ட்காரர் சீட்டை நீட்டினார்.

அக்கா பெட்டியை இறக்கித் திறந்தார். கோட்டு, பூட்ஸ், தொப்பி, தாடி, கத்தி எல்லாம் வரிசையாக வெளியே வந்தன.

“இது எந்த நாடுக்கா?”

அக்கா நாட்டின் பெயரைச் சொன்னார். லிஃப்ட்காரர் தொப்பியைத் திருப்பி உள்பக்கமும் பார்த்தார்.

“அது எங்க நாடு.”

“அப்படியா!” அக்கா அவரை மேலும் கீழும் அளந்தார். “பார்த்தா தெரியலையே!”

“முப்பத்தஞ்சு வருஷம் அங்க இருந்திருக்கேன். இந்த மாதிரி தொப்பியை நான் பார்த்ததே இல்லை.”

“நீங்க எந்தப் பக்கம்?”

“கடலோரம். பனியே கிடையாது. வேர்த்துக் கொட்டும்.”

“அதான் பாருங்க. ஓரத்துலயே இருந்துட்டீங்க. நடுவுல போயிருந்தா பார்த்திருக்கலாம்.”

தையல் மெஷின் நின்றது. “ஏம்மா, அவரு அங்கயே பொறந்தவரு” என்றார் மாஸ்டர்.

“பொறந்துட்டா ஆச்சா? நான் பதினாறு வருஷமா வாடகைக்கு விடுறேன்.”

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், வந்த காரியத்தைச் சொன்னார். மகள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கேள்விதானாம். உங்க வீட்டுல கரடி இருக்கா? பனிக்கட்டியில சுவர் கட்டுவீங்களாமே? உங்க அப்பா கத்திச் சண்டை போடுவாரா? முதல் வருடம் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் வருடம் அலுத்துப்போய், இரண்டு கரடி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதில் ஒன்று குட்டி. இப்போது இந்தத் தொப்பியோடு ஊர் முன்னால் நடந்தால் பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் அவள் கரடிக்காரிதான்.

“போன வருஷ விழாவுல இதைப் பார்த்திருக்கா. தொப்பி போடச் சொன்னா ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு உக்காந்துட்டாக்கா. விளையாட்டுக்குச் சொல்லலை. ராத்திரி சாப்பிடலை.”

அக்காவுக்கு நாடுகளின் மேல் இரக்கம் கிடையாது. பிள்ளைகள் சங்கதி வேறு. அழுகிற முகத்தில் தாடி ஒட்டாது என்பது தொழில் அனுபவம். பெட்டியை மூடினார்.

“சரி தம்பி. உங்க ஊர்ல அப்புறம் என்னதான் உடுத்துவீங்க?”

“இதோ, நான் போட்டிருக்கேனே.”

சாம்பல் நிற பேன்ட், அரைக்கைச் சட்டை, பையில் பேனா. அக்கா பார்த்தார். பிறகு மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிற பேன்ட், அரைக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதில் இஞ்ச் டேப்.

“இது மாஸ்டராச்சே! இதைப் பெட்டியில வச்சு நான் யாருக்கு விடுறது?”

“என்னை விடறதா இருந்தா சொல்லு, நானே பெட்டியில படுத்துக்கறேன்” என்றார் மாஸ்டர்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. “போட்டோ எதுனா இருக்கா தம்பி?”

லிஃப்ட்காரர் போனில் தேடி ஒன்றைக் காட்டினார். ஒரு வீட்டின் பின்கட்டில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், கையை முன்னால் நீட்டி எதையோ கத்திக்கொண்டு நிற்கிறார். தொளதொள ஆண்பிள்ளை ஸ்வெட்டர். இடுப்பில் பெரிய பைகள் வைத்த ஏப்ரன். தோளில் வாரோடு தொங்கும் பிளாஸ்க். அக்கா இரண்டு விரலால் படத்தை விரித்துக் கால் வரைக்கும் போனார். இடது காலில் நீலச் செருப்பு. வலது காலில் மஞ்சள் செருப்பு.

“கிடைச்சிடுச்சு!”

“அது எங்க அக்கா…”

“இருக்கட்டும். ராஜ பரம்பரையா?”

“இல்லையில்லை. சாதாரண…”

“அதான் எனக்கு வேணும். சாதாரணம்!”

“அந்தச் செருப்பு வந்துக்கா…” என்று அவர் ஆரம்பித்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு டாக்டர் நின்றுகொண்டிருக்கிறார். படத்தை அக்காவின் போனுக்கு அனுப்பிவிட்டு லிஃப்ட்காரர் ஓடினார். செருப்பின் விளக்கமும் அவரோடு ஓடிப்போனது.

விளக்கம் இல்லாமல் அக்கா ஒருநாளும் தவித்ததில்லை. அன்று மதியமே வழக்கமாக உடை எடுக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் போன் போட்டார்.

“மேடம், பதினேழு மாறிடுச்சு.”

“எப்போ? ஆட்சியா?”

“செருப்பு. அங்கெல்லாம் கால் ஒண்ணுக்கு ஒரு கலர். இடது கால் கடலுக்கு, வலது கால் நிலத்துக்கு. கடலோர ஜனங்க பாருங்க.”

மூன்று மணிக்கு ஒரு பள்ளியில் இது கரும்பலகையில் எழுதப்பட்டது. மூன்றரைக்குப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அறிவு பரவும் வேகத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் அந்த ஊருக்கு வந்து பார்த்ததில்லை.

தலைமை ஆசிரியை உற்சாகமாகிவிட்டார். அசலுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பதினேழு நிற்கட்டும் என்றார். மாஸ்டர் பை வைத்த ஏப்ரன் ஆறு தைத்தார். அக்கா செருப்புக் கடையில் ஆறு ஜோடி நீலமும் ஆறு ஜோடி மஞ்சளும் வாங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்து கலைத்து, இடது நீலம் வலது மஞ்சளாக ஆறு ஜோடி சேர்த்தார். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

“முந்தி ஒரு கொள்ளைக்காரனை வச்சு நாடு பண்ணினே” என்றார் மாஸ்டர், ஆறாவது ஏப்ரனுக்குப் பை தைத்தபடி. “இப்ப ஒரு பொம்பளையை வச்சுப் பண்றே. முன்னேற்றம்தான்.”

“குத்தம் சொல்லாம தைங்க. இது அசல். போட்டோ இருக்கு.”

விழாவுக்கு முந்தின நாள் பள்ளியில் ஒத்திகை. அன்று சாயங்காலம், சீருடைகூட மாற்றாமல், அசல் சரக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு நேரே அக்காவின் முன்னறைக்கு வந்துவிட்டாள். பேச்சில் அப்பாவைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரி.

“ஆன்ட்டி, எங்க அத்தை எதுக்கு அஞ்சு பேரா நிக்கிறாங்க?”

“கண்ணு, அது உங்க நாட்டு உடுப்பு…”

“அது எங்க அத்தை! ஒரு செருப்பை பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டு ஓடிடுச்சு. நாயைப் பிடிக்க இன்னொரு செருப்பை மாட்டிக்கிட்டு வந்தாங்க. அப்பப் பார்த்து அப்பா போட்டோ எடுத்தாரு. எடுக்காதடான்னு கத்துறாங்க, படத்துல வாயைப் பார்க்கலையா நீங்க?”

மாஸ்டர் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. ஒரு நாய் நினைத்தால் ஒரு தேசத்தின் உடையை மாற்றிவிடலாம் என்பது அன்று அந்த அறையில் நிரூபணமானது. மற்ற தேசங்களின் உடைகளுக்கு இதைவிட உயர்ந்த காரணம் இருந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

அக்கா சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. “சரி, செருப்பை எடுத்துடலாம். பிளாஸ்க்?”

“அத்தைக்கு வயித்து வலி. வெந்நீர் இல்லாம எங்கயும் போக மாட்டாங்க.”

“ஏப்ரன்ல அவ்ளோ பெரிய பை?”

“நாய்க்கு பிஸ்கட்.”

“அந்த நாய்க்கா? செருப்பைத் தூக்கின நாய்க்கா?”

“ஆமா. திட்டிக்கிட்டே போடுவாங்க.”

“ஸ்வெட்டராவது…”

“அது மாமாவோடது. அவரோட சண்டைன்னா அவர் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்குவாங்க. அவர் குளிர்ல நிக்கணுமாம்.”

“வேர்த்துக் கொட்டும்னாரே உங்கப்பா?”

“விடியக்காலையில குளிரும். மாமாவுக்கு மீன் மார்க்கெட்ல கணக்கு வேலை, நாலு மணிக்கே போகணும்.”

“சண்டை எதுக்கு?” என்று கேட்டார் அக்கா. இது தொழிலுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. பதினாறு வருடத்தில் எந்தப் பெட்டியையும் பார்த்து அவர் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

சண்டை ஒரு மீன்தொட்டியைப் பற்றியதாம். அத்தைக்குப் பிடித்த மீனை மாமா தூரத்துச் சொந்தக்காரர் யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தச் சொந்தக்காரர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். ஆனால் தண்ணீர் என்றால் பயம், கரையில் நின்றே கற்றுக்கொடுப்பார். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். மாஸ்டர் ஒரு நாற்காலியை லிஃப்ட்காரர் பக்கம் தள்ளிவிட்டுத் தானும் நெருங்கி உட்கார்ந்தார். கால்மணி நேரம் போனதே தெரியவில்லை. பெட்டியில் வைக்கத் தோதான ஒரு சாமானும் அந்தப் பேச்சிலிருந்து கிடைக்கவில்லை.

கடைசியில் அந்தப் பெண்தான் காரியத்துக்கு வந்தாள். “இன்னிக்கே மூணு பேர் கேட்டுட்டாங்க ஆன்ட்டி. இடது கால் கடலுக்காமே, நீ மட்டும் ஏன் ஒரே கலர் ஷூ போடுறேன்னு. கரடியே பரவாயில்லை. கரடிக்கு பதில் சொல்லிப் பழகிட்டேன்.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நாளைக்கு நான் வரலை. அப்பா கூட்டிட்டுப் போனாலும் வரலை.”

“உனக்கு எதுவா போகணும் கண்ணு?” என்றார் அக்கா.

அவள் யோசிக்கவே இல்லை. “முப்பத்தொண்ணு. மணி வச்ச பாவாடை. என் ஃபிரெண்டு போட்டுக் காட்டினா.”

“அது உன் நாடு இல்லையே.”

“அவளுக்கும்தான் அது அவ நாடு இல்லை. எல்லாரும் விளையாடுறாங்க. நான் மட்டும் நிஜமா நிக்கணுமா?”

அக்கா எழுந்து முப்பத்தொன்றை இறக்கினார். உள்ளே பாவாடை இரண்டு இருந்தன. ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுத் தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டார். அந்த அம்மாளின் குரல் எப்போதுமே அறைக்குள் எல்லாருக்கும் கேட்கும்.

“முப்பத்தொண்ணா? முடியவே முடியாது! சிறப்பு விருந்தினர்கிட்ட அசல் பதினேழு இருக்குன்னு சொல்லியாச்சு. அந்த ஆறு பேர்தான் முன்வரிசை.”

“பதினேழு நாளைக்கு வேணாம் மேடம். மத்த அஞ்சு பிள்ளைங்களுக்கு வேற நாடு பிரிச்சுக் கொடுத்துடறேன்.”

“ஏன், தைச்சு முடியலையா?”

மாஸ்டர் அவசரமாக இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். கருகிப்போச்சுன்னு சொல்லு என்று வாயசைத்தார். நல்ல பொய். கையெட்டும் தூரத்தில் சூடாகவே இருந்தது.

அக்கா அவரைப் பார்த்துவிட்டு, போனை மறுகாதுக்கு மாற்றினார். “எல்லாம் தயாரா இருக்கு மேடம். ஆனா அது அந்த நாடு இல்லை. நான் தைச்சது இந்தப் பொண்ணோட அத்தையை.”

“என்னம்மா உளர்றீங்க? அப்போ அந்த நாடு எப்படித்தான் இருக்கும்?”

“தெரியாது மேடம்.”

போனில் ஒரு பெரிய மூச்சு கேட்டது. பிறகு காகிதம் புரளும் சத்தம்.

“சரி, தொலையட்டும். முப்பத்தொண்ணே வரட்டும். ஆனா முன்னாடி நிறுத்த முடியாது, நடுவுல எங்கயாவதுதான் போடுவேன்.”

“நடுவுலயா!” என்று கையைத் தட்டினாள் அந்தப் பெண். சீருடைக்கு மேலேயே பாவாடையைக் கட்டிக்கொண்டு, அது குடையாக விரிகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். மணிகள் அத்தனையும் ஒன்றாகக் குலுங்கின.

தலைமை ஆசிரியைக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. “முப்பத்தொண்ணாவது உங்களுக்குத் தெரியுமில்லையா?”

அக்கா சுவரோரம் அடுக்கியிருந்ததை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

“பெட்டி தெரியும் மேடம்” என்றார்.